சித்தப்பாவின் வண்டி எண்ணெய் ஒழுகிய நாட்கள்

என் வயதுக்காரர்களே, நம்மில் பாதிப் பேருக்குக் காது மந்தம், மீதிப் பேருக்கு முழங்கால் வலி. ஆனாலும் யுத்தம் முடிந்த புதிதில் நம் திருவொற்றியூர்ப் பக்கம் ஓடிய பட்டாளத்து மோட்டார் சைக்கிளின் சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. தெரு முனையில் திரும்பும்போதே அடுப்படித் தட்டுகள் அதிருமே, அந்தச் சத்தம். வெள்ளைக்காரன் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன வண்டிகள். பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை, தோல் சீட்டு, பக்கத்தில் கான்வாஸ் பை.

அப்படி ஒரு வண்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. குளித்து, விளக்கேற்றி, அம்மனிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என் சித்தப்பாவுடையது, அப்பாவின் தம்பி. யுத்தத்தின்போது பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தார். யுத்தம் முடிந்து ஆள் குறைத்தபோது வேலை போயிற்று, இந்த வண்டி வந்து சேர்ந்தது. ஒன்றரை வருடம் வண்டியைத் துடைப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் சித்தப்பா இரண்டாம் முறை சோறு கேட்பதை விட்டுவிட்டார். அவருக்குப் பசி குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எனக்கு சித்தப்பாதான் எல்லாம். வண்டி வருவதற்கு முன்னால் வாடகை சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து எண்ணூர் வரை கூட்டிப்போவார். கழிமுகத்துக் காற்றில் கண்ணில் மணல் விழும். "கண்ண மூடிக்க பாப்பா, நான் பாத்துச் சொல்றேன்" என்று படகையும் கொக்கையும் அவரே பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவார். வண்டி வந்ததும் அதெல்லாம் நின்றது. வண்டியோடு இன்னொருத்தியும் வந்து சேர்ந்துகொண்டாள்.

எங்கள் முற்றத்தில் இரண்டு குடித்தனம். பக்கத்து வீட்டு மாமா ராயபுரம் ரயில் ஷெட்டில் என்ஜின் பழுது பார்க்கும் பிட்டர். வேதக்காரர்கள். கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து கலகலாப் பலகாரம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும். அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். உறவு கிடையாது. ஆனால் எனக்குத் தலையில் பேன் பார்த்ததெல்லாம் அந்த அத்தைதான், அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர்களுக்கு ஒரே பெண். என் வயதுதான்.

அவள் அப்பாவின் கருவிகளோடு வளர்ந்தவள். ஸ்பேனரை விரலால் தடவியே எந்த நட்டுக்கு எது என்று சொல்லிவிடுவாள். சித்தப்பா வண்டியைப் பிரித்து வைத்தால் வந்து குந்திக்கொள்வாள். சித்தப்பா அவளுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார்.

"மேஸ்திரி, அந்தச் சின்னத எடு."

பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். நான் எடுத்துக் கொடுத்தால் அது எப்போதும் வேறு ஸ்பேனராக இருக்கும்.

"பாப்பா, நீ தள்ளி குந்து. பாவாடையெல்லாம் கிரீஸ் ஆயிடும்" என்பார்.

அவள் பாவாடை மட்டும் கிரீஸ் ஆகலாம். எனக்கு வயிறு எரியும். எரியும் என்று சும்மா சொல்லவில்லை. பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரியும். அம்மா சூடு என்று நினைத்து மோர் கொடுப்பாள்.

அந்த வருடம் புரட்டாசியில் சித்தப்பாவுக்கு ஒரு வேலை கூடி வந்தது. எண்ணூருக்கு வடக்கே உப்பளம் வைத்திருந்த முதலாளி ஒருவர், அளத்துக்கு அளம் போய்ப் பார்த்து வர சொந்த வண்டியுள்ள ஆளைத் தேடினார். ஆயுத பூஜை முடிந்ததும் வண்டியோடு வந்து காட்டச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த ஆயுத பூஜை கல்யாணம் மாதிரி நடந்தது.

வண்டியைக் கழுவி முற்றத்தின் நடுவில் நிறுத்தினோம். அம்மா மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்து, அருகம்புல் வைத்து, முன்னால் உட்கார வைத்தாள். பொட்டு வைக்க எங்கள் இரண்டு பேரையும் விட்டார்கள். அவள் வேதக்காரப் பெண்ணாக இருந்தாலும் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஒரே அளவில், அச்சு வைத்த மாதிரி பொட்டு வைத்தாள். "ஷோக்கா கீது மேஸ்திரி" என்றார் சித்தப்பா. நான் வைத்ததெல்லாம் வழிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் வைக்காத இடம் எங்கே என்று தேடினேன். மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தபோது என்ஜினின் வயிற்றோரம், சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழாய் வாய் திறந்துகொண்டு கீழ்நோக்கி நின்றது. பாத்திரத்தில் பிசைந்த மஞ்சள் மிச்சம் இருந்தது. அதை எடுத்து அந்தக் குழாய்க்குள் சுண்டு விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினேன். இது வண்டிக்குள் இருக்கும் பிள்ளையார், நான் பிடித்து வைத்தவர், எனக்கு மட்டுமே தெரிந்தவர் என்று கும்பிட்டுக்கொண்டேன். சித்தப்பா இனிமேல் எங்கே போனாலும் என் பிள்ளையார்தான் காப்பார், அவள் வைத்த பொட்டு அல்ல.

பக்தி என்று அன்று நினைத்தேன். அதற்குள் எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

சுண்டலும் பொரியும் வாங்கிக்கொள்ள வந்த அத்தை வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "யம்மாடியோ! ராஜா வூட்டுக் குதுர மாரி கீதே!" என்றார். ஒரே ஒரு தடவை சொன்னார். அதை நினைவில் வையுங்கள்.

பூஜை போட்ட வண்டியை அன்று தொடக்கூடாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மழை. மூன்றாம் நாள் சித்தப்பா எண்ணூருக்குப் போனார். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். கணுக்கால் வரை வேட்டி கருப்பாக இருந்தது. என்ஜின் முழுக்க எண்ணெய். மூடிகள் சேருகிற இடமெல்லாம் வியர்த்து வழிந்தது. முற்றத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"முதலாளி பாத்துட்டாரு அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் பேசியதை சித்தப்பா அப்படியே பேசிக் காட்டினார். "'தம்பி, வண்டி ஜம்முனுதான் இருக்கு. ஆனா ஒழுகுதுல்லா? உப்புல ஒரு சொட்டு எண்ணெ விழுந்தா குவியலே போச்சு பாத்துக்கிடும். தை பொறந்ததும் உப்புப் பாத்தி மிதிக்க ஆரம்பிப்போம். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாரும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்'னாரு."

பேசிக் காட்டும்போது எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்று ராத்திரி அவர் முதல் சோற்றையும் மிச்சம் வைத்தார்.

தை பிறக்க மூன்று மாதம் இருந்தது. சித்தப்பா குமாஸ்தாதானே, மெக்கானிக் இல்லை. ஒழுகுகிற இடத்தில் நட்டை இறுக்குவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். இறுக்கினார். வேறு இடத்தில் ஒழுகியது. மூடியைக் கழற்றி, இரண்டு இரும்புக்கும் நடுவே வைக்கிற அட்டையை மாற்றினார். பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து, எண்ணெயில் ஊற வைத்து, அரக்குப் பூசி வைப்பார். அந்த மூடி காய்ந்துவிடும், பக்கத்து மூடி அழ ஆரம்பிக்கும்.

எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எல்லா இடமும் எண்ணெயாக இருந்தால் எதைப் பிடிப்பது? அதற்கு வழி சொன்னவளும் அவள்தான்.

"சித்தப்பா, மண்ணெண்ணெ ஊத்திக் கழுவிட்டு, நல்லாத் தொடச்சு, கோலமாவைத் தூவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. எண்ணெ எங்க மொத மொதல்ல கசியுதோ அங்க மாவு கருக்கும்."

என் சித்தப்பாவை அவளும் சித்தப்பா என்றாள். எங்கள் வீட்டுக் கோலமாவுக் கொட்டாங்கச்சியை அவளே எடுத்து வந்தாள்.

என்ஜின் வெள்ளை பூசி நின்றது. உதைத்து ஓட விட்டார்கள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். ஓரிடத்தில் கருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆறு இடத்தில் கருத்தது. அம்மை போட்ட மாதிரி ஆயிற்று.

"ஒரே சமயத்துல ஆறு எடமா? இன்னாடா இது பேஜாரு!" சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் அவளைத் தட்டிக் கொடுத்தார். "மூளைன்னா இது மூளை. பாத்துக் கத்துக்க பாப்பா."

பாத்துக் கத்துக்க என்றாரே, அந்த ஒரு வார்த்தை எனக்கு எழுபது வருடமாகக் காதில் இருக்கிறது.

கார்த்திகை பிறந்தது. ஆறு இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுகுகிறது என்றால் இது இரும்புச் சமாசாரம் இல்லை, கண் என்று அம்மா முடிவு கட்டினாள். அடுப்படியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பூஜை அன்னிக்கு வண்டியப் பாத்து யாருடி இன்னா சொன்னா?"

நான் யோசிக்கவே இல்லை.

"பக்கத்து வூட்டு அத்தைதாம்மா. ராஜா வூட்டுக் குதுரன்னாங்க. மூணு தரம் சொன்னாங்க. சொல்லிட்டுப் பெருமூச்சு வுட்டாங்க."

ஒரு தரத்தை மூன்றாக்கினேன். பெருமூச்சை நானே விட்டேன். அத்தையின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டால் அவள் வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

"காலடி மண்ணு எடுத்தாடி" என்றாள் அம்மா.

கண் போட்டவர்கள் நடந்த மண்ணை எடுத்து, மிளகாய் உப்போடு சுற்றி நெருப்பில் போடுவது உங்களுக்குத் தெரியும். அத்தை குழாயடியிலிருந்து குடத்தோடு போனதும் நான் பின்னாலேயே போய், ஈர மண்ணில் பதிந்த அவர் குதிகாலை ஒரு கொட்டாங்கச்சியில் வழித்தேன். நிமிர்ந்தபோது அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி கண்ணு பண்ற?"

நான் கொட்டாங்கச்சியைப் பின்னால் மறைத்தேன். அவர் தன் காலைப் பார்த்தார், வழித்த இடத்தைப் பார்த்தார், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார். தண்ணீர் தளும்பி இடுப்பெல்லாம் நனைந்தது. பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பிட்டர் மாமா முற்றத்தில் நின்று கத்தினார். "இன்னா வாத்யாரே, என் பொஞ்சாதி கண்ணுதான் உன் இஞ்சின ஓட்ட போட்டுச்சா? லீவு வரட்டும், வந்து பாத்துத் தரேன்னு சொல்லிக்கினு இருந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும். இனிமே உங்க வூட்டு வாசப்படி மிதிச்சா கேளு!"

சித்தப்பா தலை குனிந்து நின்றார். அவருக்குக் கண் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை. ஆனால் சோறு போடுகிற அண்ணியை மறுத்துப் பேசும் நிலையில் அவர் இல்லை. இதுவும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. கேட்டதற்கு நான் வேறு ஒன்றைக் கொடுத்தேன். சித்தப்பா அதைக் கீழே வைத்துவிட்டுச் சரியானதைத் தானே எடுத்துக்கொண்டார். என்னை மேஸ்திரி என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. வண்டியும் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

மார்கழியில் பாதி போனது. ஒரு நாள் மத்தியானம் குழாயடியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. குடத்தைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டு கிசுகிசுத்தாள்.

"ஏய், சித்தப்பா கைல சொல்லு. எங்கப்பா நேத்து சோறு துன்னும்போது சொல்லிக்கினு இருந்தாரு. அந்த மாரி இஞ்சினுக்கு மூச்சு வுட ஒரு குழாய் கீழ இருக்குமாம். அது அடச்சிக்கினா உள்ள மூச்சு முட்டி, எங்கெங்க சந்து கீதோ அங்கெல்லாம் எண்ணெயத் தள்ளுமாம். ஆறு எடத்துல ஒழுகுதுன்னா அதான்னாரு. ஆனா வந்து சொல்ல மாட்டாராம். நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஒதைப்பாரு. நீ சொல்லிடு, இன்னா?"

"உம்" என்றேன்.

மூச்சுக் குழாய். கீழ்நோக்கி வாய் திறந்திருந்ததே, அதுதான்.

நேராகப் போய் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் அடைத்தது என்று கேட்பார். அத்தை மேல் பழி இல்லை என்று ஆகும். கதவு திறக்கும். மேஸ்திரி கண்டுபிடித்தாள் என்று வாய்க்கு வாய் சொல்வார். பயம் பாதிதான். மீதிப் பாதி அந்தக் கடைசிப் பேச்சு. அதை மறுபடி கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது.

சித்தப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பிள்ளையாரப்பா மன்னிச்சிக்கோ, மன்னிச்சிக்கோ என்று சொல்லிக்கொண்டே குத்திக் குத்தி எடுத்தேன். மேலே கருப்பாகவும் உள்ளே இன்னும் மஞ்சளாகவும் கல் மாதிரி வந்தது. கடைசித் துண்டு விழுந்ததும் குழாயிலிருந்து ஒரு கோடு எண்ணெய் என் கன்னத்தில் வழிந்தது. மஞ்சள் பிள்ளையாரைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். எண்ணெய் ஊறியது கரையவில்லை, மிதந்தது. பூவரசு மரத்தடியில் தோண்டிப் புதைத்தேன்.

மறுநாள் அமாவாசை. முதல் தடவை காலடி மண் போதவில்லை என்று அம்மா பெரிய பூசணிக்காயாக வாங்கி, குங்குமம் கொட்டி, வண்டியைச் சுற்றி, பக்கத்து வீட்டு வாசலுக்கு எதிரே உடைத்தாள். பிறகு சித்தப்பா என்ஜினைக் கழுவித் துடைத்து மாவு தூவி உதைத்தார். ஓடியது. மாவு வெள்ளையாகவே இருந்தது. சத்தம் கூட மாறியிருந்தது, தொண்டை திறந்த மாதிரி. எண்ணூர் வரை போய் வந்தார். ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீங்களா தம்பி?" என்றாள் அம்மா. முற்றத்துக்கே கேட்கும்படிதான் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

குழாயடியில் அவள் கேட்டாள். "சொன்னியா? அதானா?"

"சொன்னேன். அது இல்லியாம். திருஷ்டிதானாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படியா" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் நம்பினாளா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

தை பிறந்ததும் சித்தப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்து உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். நான் கேட்டது அதுதானே, கிடைத்தது. முதலாளி ஒரு கோணியை விரித்து, அதன் மேல் புது உப்பைப் பரப்பி, என்ஜின் நேர் மேலே வரும்படி வண்டியை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் ஓட விட்டு அணைத்துவிட்டு, எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். பாதிப் பொழுது போன பிறகு குனிந்து உப்பைப் பார்த்தார். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. "சரி தம்பி, நாளைக்கே வந்துரும்" என்றார். சித்தப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. உப்புக் காற்று கண்ணில் பட்டது என்றார். அன்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோறு கேட்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பூசணிக்காய்க் கதை தெருவெல்லாம் போயிற்று. உடைத்த அன்றே இரும்பு குணமான கதை அல்லவா, யார் சந்தேகப்படுவார்கள்? அத்தை வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போனார்கள். கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். புதுச் சேலை கட்டியவள் வழி மாறிப் போனாள். எனக்குப் பேன் பார்த்த அத்தை, தெருவில் தரையை மட்டும் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டார். இரண்டு வருடம் பொறுத்துவிட்டு மாதவரம் பக்கம் வீடு மாறிப் போனார்கள். போகும்போது அவள் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அப்போது கூட, எனக்கில்லை, சித்தப்பாவுக்குத்தான் அசைக்கிறாள் என்று எனக்கு எரிந்தது.

என் கல்யாணத்துக்கு சித்தப்பாதான் போய் அவர்களுக்குப் பத்திரிகை வைத்தார். அத்தை மட்டும் வந்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த என்னிடம் கூட்டத்தில் நுழைந்து வந்தவர், இரண்டு அடி முன்னாலேயே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கையை நீட்டித் துழாவி என் தலையைத் தொட்டார், தடவி மோவாயைத் தொட்டார். ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழை என் மடியில் வைத்தார்.

"நான் பாக்கலடி கண்ணு. நீ நல்லா இரு" என்றார்.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேளக்காரர்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். நான் வாய் திறந்திருந்தால் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அத்தை திரும்பி, கூட்டத்தைத் தாண்டும் வரை கண் திறக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார். மாப்பிள்ளையாக அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பாவம், யாரு அந்தம்மா? கண்ணு தெரியாதா?"

"ஆமாம்" என்றேன்.